மின்சாரக் கார் இரவில் எங்கே தங்கும்?

சங்கத்து அன்பர்கள் சிலர் கடந்த சில மாதங்களாக ஒரே பொருளைக் குறித்து இப்பகுதிக்குக் கடிதம் எழுதி வருகின்றனர். “பெட்ரோல் விற்கும் விலையில் ஒரு மின்சாரக் கார் வாங்கிவிடலாமா? மாதச் சம்பளக் குடும்பத்துக்கு அது கட்டுப்படியாகுமா? ஊருக்குப் போய்வர உதவுமா?” என்பதே அக்கடிதங்களின் சாரம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விடை எழுதுவதைக் காட்டிலும், அனைவருக்கும் பொதுவாகச் சில விவரங்களை இவ்விதழில் தொகுத்துத் தருவது நலம் என்று கருதுகிறேன்.

வெளிமாநிலத்தில் குடியேறி வாழும் நமக்கு இக்கேள்வி மற்றவர்களுக்கு உள்ளதைவிடச் சற்றுச் சிக்கலானது. சொந்த மண்ணில் இருப்பவருக்கு வாசலில் கொஞ்சம் இடமும், தம் பெயரில் ஒரு மின்சார மீட்டரும் இருக்கும். நம்மில் பலர் வாடகை வீட்டில் இருக்கிறோம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றல் உத்தரவு வருகிறது. ஆண்டுக்கு ஒருமுறை ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஊருக்குச் சென்று திரும்ப வேண்டியிருக்கிறது. சேமநல நிதியில் முன்பணம் எடுத்தும், வங்கியில் கடன் பெற்றும் வாங்கும் பொருள் இது. பிள்ளையின் கல்லூரிப் படிப்புக்கோ, பெண்ணின் திருமணத்துக்கோ ஒதுக்கிய தொகைக்கு ஈடான தொகை இதில் முடங்கிவிடும். ஆகவே, ஆசையை ஒரு பக்கம் வைத்துவிட்டுக் கணக்கை ஒருமுறை பார்ப்பது அவசியம்.

விற்பனை நிலையத்தில் நமக்குச் சொல்லப்படும் முதற்செய்தி, ஒருமுறை மின்னேற்றினால் வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பது. அதைக் கேட்பதற்கு முன்னர் நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி வேறொன்று உண்டு. அவ்வண்டி இரவில் எங்கே தங்கும்? தங்கும் இடத்தில் நம் மீட்டரிலிருந்து ஒரு பிளக் இருக்குமா? இக்கட்டுரை முழுவதும் சுற்றிச் சுற்றி இக்கேள்விக்கே வந்து சேரும் என்பதை முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

எடுத்துக்காட்டாக ஒரு வண்டியை வைத்துக்கொண்டு பேசுவது எளிது. நம் நாட்டில் நடுத்தரக் குடும்பங்கள் வாங்கத் துணிந்த முதல் உயரமான மின்சாரக் கார் என்று டாடா நிறுவனத்தின் நெக்ஸானைச் சொல்லலாம். 2020 ஆம் ஆண்டு ஜனவரி 28 ஆம் நாள், 13.99 லட்சம் ரூபாய் தொடக்க விலையில் அது விற்பனைக்கு வந்தது. புனேக்கு அருகிலுள்ள ரஞ்சன்காவ் தொழிற்சாலையில் உருவான வண்டி அது. அன்று அதன் பாட்டரியின் கொள்ளளவு 30.2 யூனிட். நம் வீட்டு மின்சாரக் கட்டணச் சீட்டில் வருகின்ற அதே யூனிட்தான் இது. 2022 மே மாதத்தில் 40.5 யூனிட் பாட்டரி பொருத்திய வகையும், 2024 செப்டம்பரில் 45 யூனிட் வகையும் வந்தன. அதே 2024 செப்டம்பரில் தொடக்க விலை 12.49 லட்சமாகக் குறைக்கப்பட்டது.

இதற்குத் துணையும் போட்டியும் பின்னர் பல வந்தன. மஹிந்திராவின் எக்ஸ்.யு.வி. 400 2023 ஜனவரியிலும், டாடாவின் சிறிய பஞ்ச் 2024 ஜனவரியிலும், எம்.ஜி. வின்ட்ஸர் 2024 செப்டம்பரிலும் வெளிவந்தன. ஹூண்டாய் நிறுவனத்தின் கிரெட்டா மின்சார வகை 2025 ஜனவரியில் வந்தது. அது நம் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துத் தொழிற்சாலையில் செய்யப்படுவது என்பதைக் கேட்க நம்மவர்க்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

மின்சார இழுவை நமக்குப் புதிதன்று. 1925 பிப்ரவரி 3 ஆம் நாள் பம்பாய் விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு இந்தியாவின் முதல் மின்சார ரயில் ஓடியது. 1931 இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் வந்தது. ரயிலுக்கும் காருக்கும் உள்ள பெரிய வேறுபாடு ஒன்றே ஒன்றுதான். ரயில் தனக்கு வேண்டிய மின்சாரத்தை மேலே ஓடும் கம்பியிலிருந்து அவ்வப்போது பெற்றுக்கொள்கிறது. காரோ, தன் கட்டுச்சோற்றைத் தானே சுமந்து செல்ல வேண்டியிருக்கிறது. அந்தக் கட்டுச்சோற்று மூட்டைதான் பாட்டரி. மின்சாரக் காரின் நிறைகுறைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன.

முதலில் நிறைகளைச் சொல்லுவோம். மின் மோட்டார் சுழலத் தொடங்கும் அந்த நொடியிலேயே முழு இழுவிசையையும் தந்துவிடும். பெட்ரோல் எஞ்சினைப் போல வேகம் ஏறிய பிறகே வலிமை காட்டும் பழக்கம் அதற்கு இல்லை. 2020 ஆம் ஆண்டு நெக்ஸான், நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை 9.9 வினாடியில் எட்டும் என்று நிறுவனம் அறிவித்தது. குடும்பக் காருக்கு இது போதும் என்பதற்கும் மேலேயே. கிளச் இல்லை, கியர் மாற்றும் வேலை இல்லை. நகர நெரிசலில் ஒன்றரை மணி நேரம் ஊர்ந்து செல்பவருக்கு இடது கால் வலியும் இல்லை, எஞ்சின் இரைச்சலும் இல்லை. உடல் உயரமாக இருப்பதால் முதியோர் குனியாமல் ஏறி இறங்கலாம். மழைக்காலப் பள்ளங்களில் அடிப்பாகம் எளிதில் தட்டுவதில்லை. பாரத் என்கேப் மோதல் சோதனையில் 2024 ஜூன் மாதம் இவ்வண்டி ஐந்து நட்சத்திரம் பெற்றது.

ஓசையின்மையில் ஓர் எச்சரிக்கையும் அடங்கியிருக்கிறது. குடியிருப்பு வளாகத்தில் விளையாடும் குழந்தைகளுக்கு வண்டி பின்னால் வருவது காதில் விழாது. ஓட்டுபவர்தாம் இரட்டைக் கவனத்துடன் இருக்க வேண்டும்.

மலைப்பாதையில் இது எப்படி நடந்துகொள்ளும் என்று ஓர் அன்பர் கேட்டிருக்கிறார். மும்பையிலிருந்து புனே செல்வோர் ஏறும் கண்டாலா மலைப்பாதையையே எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 550 மீட்டர் உயரம் ஏற வேண்டும். ஆட்களும் பெட்டிகளுமாக 1,800 கிலோ எடையுள்ள வண்டியை அவ்வுயரத்துக்குத் தூக்க மட்டும் சுமார் 3 யூனிட் மின்சாரம் செலவாகும் என்பது பௌதிகக் கணக்கு. சமவெளியில் இருபது கிலோமீட்டர் ஓடத் தேவையான மின்சாரம் அது. ஏறும்போது மீதித் தூரம் காட்டும் எண் கிடுகிடுவென்று இறங்குவதைக் கண்டு பலர் அஞ்சுவது இதனால்தான். திரும்பி இறங்கும்போது இதில் ஒரு பகுதி மீண்டும் கைக்கு வருகிறது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, வண்டியின் வேகத்தைக் குறைத்து, பாட்டரிக்கு மின்சாரம் அனுப்புகிறது. நம் ரயில்வேயின் டபிள்யூ.ஏ.பி.-7, டபிள்யூ.ஏ.ஜி.-9 எஞ்சின்கள் இறக்கத்தில் வரும்போது மேற்கம்பிக்கு மின்சாரத்தைத் திருப்பி அனுப்புவதும் இதே முறையில்தான். ஏற்றத்தில் செலவிட்டது முழுவதும் திரும்பி வராது. எனினும் பிரேக் கட்டைகள் தேய்வது பெரிதும் குறையும். ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். மலையுச்சியில் பாட்டரியை முழுவதும் நிரப்பிக்கொண்டு இறங்கினால், வருகிற மின்சாரத்தை வாங்கி வைக்க அதில் இடம் இராது. அப்போது கால் பிரேக்கையே நம்ப வேண்டியிருக்கும்.

இனி, கிலோமீட்டர்க் கணக்குக்கு வருவோம். 2020 ஆம் ஆண்டு வண்டிக்கு 312 கிலோமீட்டர் என்று சான்றளிக்கப்பட்டது. 2023 செப்டம்பரில் வந்த 40.5 யூனிட் வகைக்கு 465 என்றார்கள். இவை பொய்யான எண்கள் அல்ல; சோதனைக் கூடத்து உருளைகளின் மேல், வகுத்த வேகத்தில் ஓட்டி எடுத்த எண்கள். நம் சாலையில், குளிர்சாதனம் இயங்க, நான்கு பேர் அமர்ந்து செல்லும்போது சான்றளித்த தூரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை எதிர்பார்ப்பதே விவேகம். சிறிய பாட்டரிக்கு 200 கிலோமீட்டர், பெரியதற்கு 300 கிலோமீட்டர் என்று மனத்தில் பதித்துக்கொண்டால் ஏமாற்றம் நேராது. நெடுஞ்சாலையில் விரைந்து ஓட்டினால் இதுவும் குறையும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப்படி ஏறுவது. 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, 70 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதைப் போல இரு மடங்கு காற்றெதிர்ப்பைச் சமாளிக்க வேண்டும். பெட்ரோல் வண்டி நெடுஞ்சாலையில் சிக்கனம், நகரத்தில் செலவு. மின்சார வண்டிக்கு இது தலைகீழ்.

நிற்க. 200 கிலோமீட்டர்தானா என்று சோர்வடைய வேண்டியதில்லை. அலுவலகம், பள்ளி, காய்கறிக் கடை, கோயில் என்று நம்மில் பெரும்பாலோர் ஒரு நாளில் சுற்றுவது முப்பது, நாற்பது கிலோமீட்டருக்கு மேல் இராது. நாற்பது கிலோமீட்டர் ஓடினால் இரவில் சுமார் 7 யூனிட் ஏற்றினால் போதும். வீட்டிலுள்ள 15 ஆம்பியர் பிளக்கில் செருகினால் மூன்று மணி நேரத்துக்குள் ஏறிவிடும். பாட்டரி அடியோடு காலியானால்தான் அதே பிளக்கில் சிறியதற்குச் சுமார் பத்து மணி நேரமும், 40.5 யூனிட் பாட்டரிக்குச் சுமார் பதினைந்து மணி நேரமும் பிடிக்கும். 7.2 கிலோவாட் பெட்டியைச் சுவரில் பொருத்தினால் பெரிய பாட்டரிக்கும் ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல் போதும். நெடுஞ்சாலையோர விரைவு நிலையங்களில் பத்துச் சதவீதத்திலிருந்து எண்பது சதவீதம் வரை ஏற்ற ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும்.

இரவில் நாம் உறங்கும்போது வண்டியும் உறங்கிக்கொண்டே உண்ணுமானால், இந்த மணிக்கணக்கெல்லாம் நமக்கு ஒரு பொருட்டே அன்று. அவ்வாறு உண்ண இடம் இல்லையானால், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மின்னேற்று நிலையத்து வரிசையில் ஒரு மணி, இரண்டு மணி நேரம் காத்திருக்க நேரும். குடும்பத்தோடு கழிக்க வேண்டிய ஓய்வு நாளின் பொழுது அது.

பணக்கணக்கைப் பார்ப்போம். பின்வரும் எண்கள் எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொண்டவை. நேயர்கள் தத்தம் ஊர் விலையைப் போட்டுக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். பெட்ரோல் லிட்டர் 105 ரூபாய், லிட்டருக்கு 14 கிலோமீட்டர் என்றால், கிலோமீட்டருக்கு ஏழரை ரூபாய் ஆகிறது. வீட்டு மின்சாரம் யூனிட் 9 ரூபாய், ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் என்றால், கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய். மிச்சம் ஆறு ரூபாய். அதே அளவுப் பெட்ரோல் வண்டியைவிட மின்சார வண்டிக்கு மூன்று லட்சம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருந்தால், 50,000 கிலோமீட்டர் ஓடிய பிறகே அத்தொகை திரும்பும்.

இப்போது மூன்று குடும்பங்களைக் கற்பித்துக்கொள்வோம்.

முதற் குடும்பத்துக்குச் சொந்த வீடு. வண்டி நிறுத்த இடமும் உண்டு. கணவர் வேலைக்கும், மனைவி பள்ளிக்குமாக ஆண்டுக்கு 20,000 கிலோமீட்டர் ஓட்டுகின்றனர். கூடுதலாகக் கொடுத்த மூன்று லட்சம் இரண்டரை ஆண்டில் திரும்பிவிடுகிறது. அதன்பின் ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டரும் இலாபமே. இவர்கள் தயங்க வேண்டியதில்லை.

இரண்டாம் குடும்பம் வாடகைக் குடியிருப்பில் மூன்றாம் மாடியில் இருக்கிறது. வண்டி தெருவோரத்தில் நிற்கிறது. பொது நிலையத்தில் யூனிட் 20 ரூபாய்க்கு ஏற்றுகிறார்கள். கிலோமீட்டருக்கு ஏறத்தாழ மூன்றே கால் ரூபாய் ஆகிவிடுகிறது. மிச்சம் நாலேகால் ரூபாய்தான். ஆண்டுக்குப் பதினாயிரம் கிலோமீட்டர் ஓட்டினால் முதல் திரும்ப ஏழாண்டு ஆகும். ஞாயிற்றுக்கிழமைகள் போனது தனிக் கணக்கு.

மூன்றாவது, ஓய்வு பெற்ற தம்பதியர். மாதத்தில் சில நாள் மருத்துவமனைக்கும் கோயிலுக்குமாக ஆண்டுக்கு 3,000 கிலோமீட்டர். இவர்களுக்கு வீட்டில் பிளக் இருந்தாலும் முதல் திரும்பப் பதினாறு ஆண்டுக்கு மேல் பிடிக்கும். வண்டி சுகமாக இருக்கிறது என்று வாங்கினால் தவறில்லை. சிக்கனம் என்று எண்ணி வாங்கினால் தவறு.

இக்கணக்கில் சேர்க்க வேண்டியவை இன்னும் சில உள. எஞ்சின் எண்ணெய், ஸ்பார்க் பிளக், கிளச் முதலிய செலவுகள் மின்சார வண்டிக்கு இல்லை. மறுபக்கம், வண்டியின் விலை கூடுதலாதலின் இன்ஷூரன்ஸில் சேதப் பகுதிக்குரிய கட்டணம் கூடும். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினால் வீட்டு மீட்டரில் 160 யூனிட்டுக்கு மேல் ஏறும். அதனால் நம் மொத்த உபயோகம் அடுத்த கட்டண அடுக்குக்குத் தாவிவிடக்கூடும். மின்சார வண்டிகளுக்கான ஜி.எஸ்.டி. 2019 ஆகஸ்டு முதல் 5 சதவீதமாக இருக்கிறது. எனினும் 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களின் வரி 18 சதவீதமாகக் குறைந்துவிட்டதால், இருவகைக்கும் உள்ள விலை இடைவெளி முன்னைவிட அகன்றிருக்கிறது. கடன் வட்டிக்கு வருமான வரியில் ஒன்றரை லட்சம் வரை கழிவு உண்டு என்று இன்றும் சிலர் சொல்லக் கேட்கலாம். அச்சலுகை 2023 மார்ச் 31 வரை அனுமதிக்கப்பட்ட கடன்களுக்கு மட்டுமே உரியது. புதிதாகக் கடன் வாங்குவோர் அதை நம்பித் திட்டமிட வேண்டாம்.

பாட்டரியை வாடகைக்குத் தரும் முறை ஒன்றும் 2024 இல் வந்தது. வின்ட்ஸர் வண்டியை 9.99 லட்சத்துக்குக் கொடுத்து, பாட்டரிக்குக் கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய் என்றனர். வாங்கும் நாளில் கைப்பணம் குறைவாகத்தான் தேவைப்படுகிறது. ஆனால் மின்சாரச் செலவு ஒன்றரை ரூபாயையும் கூட்டினால் கிலோமீட்டருக்கு ஐந்து ரூபாய் ஆகிறது என்பதை மறக்கலாகாது. மலிவு என்பது எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது.

இனி, முதலிற் சொன்ன கேள்விக்கே திரும்புவோம். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்போர் வண்டிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னரே மூன்று பேரிடம் பேசி முடிக்க வேண்டும்: வீட்டுக்காரர், குடியிருப்புச் சங்கத்துக் காரியதரிசி, மின்சார வாரியம் அல்லது கம்பெனி. கட்டட விதிகளின் மாதிரியில் மத்திய அரசு 2019 பிப்ரவரியில் செய்த திருத்தம், புதிய கட்டடங்களில் வண்டி நிறுத்துமிடத்தின் ஐந்தில் ஒரு பங்குக்கு மின்னேற்ற வசதி வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. மின் நுகர்வோர் உரிமை விதிகளில் 2024 பிப்ரவரியில் செய்த திருத்தத்தின்படி, மின்சார வண்டிக்கென்றே தனி இணைப்புக் கேட்டுப் பெறவும் வழி உண்டு. இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பணிவாகக் கேட்டால் பல இடங்களில் இணக்கம் கிடைக்கும். “செலவு என்னுடையது, மீட்டர் என்னுடையது, காலி செய்யும்போது பழையபடி சரி செய்து தருகிறேன்” என்று எழுத்தில் கொடுத்தால் வீட்டுக்காரரின் மனம் இளகும். வாய்மொழிச் சம்மதத்தை மட்டும் நம்பி வண்டி வாங்க வேண்டாம். காரியதரிசி மாறினால் சம்மதமும் மாறும்.

இணைப்புக் கிடைத்தபின் கம்பி வேலையில் சிக்கனம் கூடாது. இஸ்திரிப் பெட்டி பத்து நிமிடம் இழுக்கும் மின்சாரத்தை இவ்வண்டி பத்து மணி நேரம் இடைவிடாமல் இழுக்கும். மீட்டரிலிருந்து தனிக் கனக்கம்பி, தனி எம்.சி.பி., நல்ல எர்த், மின்கசிவுத் தடுப்பு ஆகிய நான்கும் இருந்தே ஆக வேண்டும். மூன்றாம் மாடிச் சன்னலிலிருந்து நீட்டு ஒயரைத் தொங்கவிட்டு ஏற்றுவோர் சிலரை எங்கும் காண்கிறோம். அது தமக்கும் அண்டை வீட்டாருக்கும் அபாயம். 2022 ஆம் ஆண்டில் இருசக்கர மின்வண்டிகள் சில தீப்பற்றியதைத் தொடர்ந்து பாட்டரிகளுக்கான பாதுகாப்பு விதிகளை அரசு கடுமையாக்கியது. நம் வீட்டுச் சுவரிலுள்ள பிளக்கைக் காக்க வேண்டியவர் நாமே.

மாற்றலுக்கு உட்பட்டோர் பதிவு எண்ணையும் கவனிக்க வேண்டும். வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வண்டி தங்கினால் மறுபதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். 2021 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த ‘பி.எச்.’ வரிசை எண், மத்திய மாநில அரசு ஊழியர், இராணுவத்தினர், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர் ஆகியோருக்குக் கிடைக்கும். இரண்டிரண்டு ஆண்டுகளாக வரி கட்டிக்கொண்டு எம்மாநிலத்திலும் ஓட்டலாம். மின்வண்டிக்கு வரி விகிதத்தில் 2 சதவீதம் குறைவு. ஆயினும் மின்வண்டிக்குச் சாலை வரியே இல்லை என்று சலுகை தரும் மாநிலத்தில் இருப்பவர், எது இலாபம் என்று இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

கடைசியாக ஊர்ப்பயணம். இது வெறும் கணக்கன்று என்பதை அறிவேன். பிழைப்புத் தேடி வெறுங்கையோடு ரயிலேறி வந்தவர், சொந்தக் காரில் ஊர்த்தெருவுக்குள் நுழைய வேண்டும், பெற்றோர் வாசலில் நின்று அதைப் பார்க்க வேண்டும் என்று விரும்புவது இயற்கை. அவ்வாசையை ஏளனம் செய்ய நமக்கு உரிமை இல்லை. ஆயினும் வழியைச் சொல்லிவிடுவது கடமை.

புனேயிலிருந்து சென்னைக்குச் சாலை வழியே ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். 40.5 யூனிட் வண்டி நெடுஞ்சாலையில் 250 கிலோமீட்டர் ஓடும் என்று கொண்டால், பத்துச் சதவீதம் கையிருப்பு வைத்து, எண்பது வரை ஏற்றி ஏற்றிச் செல்லும்போது வழியில் ஆறு முறை நிற்க வேண்டும். 30 யூனிட் வண்டியானால் எட்டு, ஒன்பது முறை. ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம்; முன்னால் ஒரு வண்டி நின்றால் இரண்டு மணி நேரம்; இயந்திரம் பழுதாகி இருந்தால் அடுத்த நிலையம் வரை மனக்கலக்கம். தீபாவளி, பொங்கல் சமயத்தில் எல்லாரும் ஒரே நாளில் புறப்படுவர். இளைஞர் இருவர் இரண்டு இரவு தங்கி, மெல்லச் செல்ல இது இனிய பயணமாகலாம். மூட்டு வலியுள்ள தாயாரையும் கைக்குழந்தையையும் அழைத்துச் செல்பவருக்கு ஆகாது.

ஆண்டில் பத்து நாள் தேவைக்காக, கூடுதல் பணம் கொடுத்துப் பெரிய பாட்டரி வாங்கி, மீதி முந்நூற்றைம்பத்தைந்து நாளும் அதன் எடையைச் சுமந்து திரிவது குடும்பச் சிக்கனத்துக்கு ஒவ்வாது. ஊருக்கு ரயில் இருக்கிறது. 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்திருக்கிறது. நாட்காட்டியில் குறித்துவைத்து அன்று காலையிலேயே பதிவு செய்தால் இடம் கிடைக்க வாய்ப்புண்டு. ஊரில் இறங்கியபின் நாலைந்து நாளுக்கு ஒரு வாடகைக் கார் வைத்துக்கொண்டாலும், பெரிய பாட்டரிக்குக் கொடுக்கும் தொகையில் பல ஆண்டுகளுக்கு அது காணும்.

பாட்டரியின் ஆயுளைப் பற்றியும் ஒரு சொல். நெக்ஸான் வந்த நாளில் எட்டாண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர், இவற்றுள் எது முந்தியதோ அதுவரை பாட்டரிக்கு உத்தரவாதம் என்றனர். பிற நிறுவனங்கள் சிலவும் அன்று இதை ஒட்டியே தந்தன. எவ்வளவு கொள்ளளவு குறைந்தால் மாற்றித் தருவார்கள், இரண்டாம் உரிமையாளருக்கு அது செல்லுமா என்னும் இரண்டையும் உத்தரவாதச் சீட்டில் படித்துப் பார்த்துவிட்டே கையெழுத்திட வேண்டும். ஐந்தாண்டுக்குப் பின் மாற்றலாகி வண்டியை விற்க நேர்ந்தால், விலையைத் தீர்மானிப்பது அந்தச் சீட்டுத்தான்.

ஆகவே அன்பர்களுக்கு என் விடை இது. நல்ல வண்டிதான். இழுவையும் சுகமும் அமைதியும் கொடுத்த பணத்துக்குக் குறையாதவை. தினமும் நாற்பது கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓட்டுபவர், இரவில் சொந்த மீட்டரிலிருந்து மின்னேற்ற இடமுள்ளவர் தாராளமாக வாங்கலாம். சிறிய பாட்டரியே பெரும்பாலும் போதும். இடமில்லாதவர், முதலில் வீட்டுக்காரரின் கையெழுத்தைப் பெற்றுக்கொள்ளட்டும். அது கிடைக்கவில்லையானால் சேமநல நிதிப் பணம் இருக்கும் இடத்திலேயே இன்னும் ஓராண்டு இருக்கட்டும். வண்டியின் விலை ஏறினாலும் இறங்கினாலும், பிளக் இல்லாத வீட்டில் அது விருந்தாளியாகத்தான் இருக்க முடியும்.

மின் இணைப்புக்குக் குடியிருப்புச் சங்கத்துக்கு எழுத வேண்டிய விண்ணப்பத்தின் மாதிரி ஒன்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தயாரித்து நம் சங்க நூல்நிலையத்தில் வைத்திருக்கிறேன். வேண்டுவோர் படியெடுத்துக்கொள்ளலாம். தம் ஊரில் அனுமதி பெற்றவர்கள், எவ்வாறு பெற்றனர் என்பதை இப்பகுதிக்கு எழுதினால் மற்றவர்க்கும் பயன்படும்.